டாக்டருக்கு முன்னால் ஒரு பெண்!

கண் ஆஸ்பத்திரியில் உங்கள் கண்ணை முதலில் பார்ப்பது யார்? டாக்டரா? பல இடங்களில் இல்லை!

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கினார். அங்கே, பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்கு 2 ஆண்டு பயிற்சி கொடுக்கிறார்கள்.

எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, கண்ணாடிக்கு "பவர்" பார்ப்பவர்கள் இவர்களே.

கண்ணுக்குள் நீர் அழுத்தம் உண்டு. அதையும் அளக்கிறார்கள். அழுத்தம் ஏறினாலும் பலருக்கு வலியே இராது. ஆனால், பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். அப்படிப் போன பார்வை திரும்பாது! அளந்த எண்ணைத் தப்பாகக் குறித்தால் என்ன ஆகும்? சின்ன வேலையா இது?

ஆபரேஷன் அறையில் 2 மேஜைகள். ஒன்றில் டாக்டர் கண்புரையை எடுக்கிறார். அதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்தவரைப் படுக்க வைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, தயாராக வைத்து விடுகிறார்கள். டாக்டர் மைக்ராஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான்! அவர் கேட்கும் முன்பே கருவி கைக்கு வந்து விடும்.

வீட்டுக்குப் புறப்படும்போது சொட்டு மருந்து விடச் சொல்லிக் கொடுப்பதும் இவர்கள்தான்.

"பாட்டி, கண்ணைக் கசக்கக் கூடாது!"