வெந்நீர்க் கலமும் வீட்டார் கவனமும்

கோலார் தங்க வயல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். மார்கழி, தை மாதங்களில் அங்கு விடியற்காலைக் குளிர் கடுமையானது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டிலேயே இவ்வூர்ச் சுரங்கங்களை வந்தடைந்தது. ஆனால் அது தங்கம் எடுப்பதற்கென வந்த மின்சாரம். வீடுகளில் வெந்நீர் தந்தது விறகடுப்பும் அண்டாவுமே. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், பிழைப்பின் பொருட்டு ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூரு சென்று வரலாயினர். இருள் பிரியுமுன் புறப்படுவோர்க்கு விறகு மூட்டப் பொழுது ஏது? ஆகவே ‘கீசர்’ என வழங்கும் மின்சார வெந்நீர்க் கலம் குளியலறைச் சுவரில் ஏறியது. உழைப்போர் சென்றபின் வீட்டில் தங்குவோர் முதியோரும் பிள்ளைகளும். கலத்தில் கோளாறு நேருமாயின் அதன் எதிரில் நிற்பவர் அவர்களே. ஆதலின் இக்கலத்தைப் பேணும் முறையை நாம் அறிந்திருத்தல் நன்று.

கலத்தின் அமைப்பு எளியது. உள்ளே நீர் தேங்கும் தொட்டி. அதனுள் மின்சாரத்தால் சூடேறும் ‘எலிமெண்ட்’. வேண்டிய சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் ‘தெர்மோஸ்டாட்’. அதுவும் தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேறொரு பாதுகாப்புக் கருவியும் உண்டு. 2 கிலோவாட் ஆற்றலுள்ள கலம், 20 டிகிரி வெப்பமுள்ள 15 லிட்டர் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 21 நிமிடம் எடுக்கும். பழைய கலம் இதனினும் மிகுதியாக நேரம் எடுக்குமாயின், அதற்குக் காரணம் தேடுதல் வேண்டும்.

முதற் காரணம் உப்புப் படிவு. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு இல்லை. ஆழ்குழாய்க் கிணற்று நீரையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. அந்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, சூடேறியதும் பிரிந்து வெள்ளைக் கல்லாகப் படிகிறது. இட்லிப் பானையின் அடியில் காணும் வெண்படிவும் இதுவே. எலிமெண்டின்மேல் இது போர்வைபோல் மூடிக்கொள்வதால், சூடு நீருக்குச் செல்லாமல் எலிமெண்டையே எரிக்கிறது. கலத்தினுள் சடசடவென ஒலி கேட்பதும் இதன் அடையாளம். கடின நீர் வழங்கும் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை மின்சாரத்தை முற்றும் நிறுத்தி, நீர் ஆறியபின் தொட்டியைக் காலி செய்து, எலிமெண்டைக் கழற்றிப் படிவை அகற்றச் செய்தல் வேண்டும்.

அப்போதே தொட்டியினுள் உள்ள ‘ஆனோடு’ கம்பியையும் பார்த்துவிட வேண்டும். மக்னீசியத்தாலான இக்கம்பி, தான் அரிக்கப்பட்டுத் தொட்டியின் எஃகைத் துருவினின்றும் காக்கிறது. கம்பி கரைந்து நடுவிலுள்ள இழை தெரியுமாயின் அதனை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அடுத்து அரிக்கப்படுவது தொட்டியே.

உயிர்க் காவலுக்குரியவை மூன்று. முதலாவது, பாதுகாப்பு வால்வு. 15 லிட்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய கால் லிட்டர் விரிகிறது. அவ்விரிவு வெளியேற வழி வேண்டும். சூடேறும் வேளையில் வால்வு சொட்டுவது இதனாலேயே, அது பழுதன்று. சொட்டுவதைப் பொறாது ஆப்பு வைத்து அடைப்போர் உண்டு. தெர்மோஸ்டாட்டும் கெட்டுப்போன நாளில், அவ்வடைப்பு கலத்தை வெடிக்கச் செய்யும்.

இரண்டாவது, ‘எர்த்’ இணைப்பு. முன்னாளில் இரும்பு நீர்க்குழாயையே எர்த்தாகப் பயன்படுத்திய வீடுகள் உண்டு. குழாய் பிளாஸ்டிக்காக மாறியதும் அக்காவல் ஒருவரும் அறியாமலே நீங்கிவிடும். தனியே எர்த் குழி உள்ள வீடுகளிலும் வறட்சியில் மண் காய்ந்தால் அதன் பயன் குறையும். குழிக்கு நீர் ஊற்றி வருதல் வேண்டும். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியைப் பொருத்துவது இன்னும் சிறந்த காவல். குழாயைத் தொட்டதும் சிறிதேனும் ‘சுருக்’கென்றால், அக்கணமே மெயினை நிறுத்தி மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

மூன்றாவது, நீரின்றிச் சூடேற்றாமை. குழாய் நீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வரும் தெருக்களில் கலம் வறண்டிருத்தல் கூடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, நீர் தடையின்றி வருவதைக் கண்டபின்னரே சுவிட்சைப் போடுக. குளிக்கப் புகுமுன் சுவிட்சை நிறுத்துவதும் நல்வழக்கம். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுடும். பிள்ளைகளுக்கும் முதியோர்க்கும் தண்ணீர் கலந்தே தருக.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? எலிமெண்ட், தெர்மோஸ்டாட், வால்வு, கேஸ்கட் ஆகிய யாவும் மாற்றத்தக்கவை. இவற்றுள் ஒன்று கெட்டதற்காகக் கலத்தையே எறிய வேண்டுவதில்லை. உள்தொட்டியே ஓட்டையாகி, மேலுறையின் அடியிலிருந்து துருநீர் கசிந்தால் அதனை ஒட்டுப்போட முயலுதல் வீண். கலத்தை மாற்றுவதே தக்கது. எனினும் கேஸ்கட் வழியே கசிவதும் அவ்வாறே தோன்றக்கூடும். ஆகையால் திறந்து பார்த்தபின்னரே முடிவு செய்க. புதிது வாங்குங்கால் ஐ.எஸ்.2082 தரத்திற்குரிய ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியையும், கடின நீருக்கு ஏற்ற தொட்டியா என்பதையும் நோக்குக.

அயல் மாநிலங்களில் வாடகை வீட்டில் வாழும் நம்மவர், வீட்டுக்காரர் மாட்டிய கலத்தையே பயன்படுத்த நேரும். குடிபுகும்போதே எர்த் உண்டா, வால்வு திறந்துள்ளதா, ஆனோடு கம்பி எப்போது மாற்றப்பட்டது என்னும் மூன்றையும் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. கழுவிய நாளையும் கம்பி மாற்றிய நாளையும் ஒரு சீட்டில் எழுதிச் சுவிட்சின் அருகே ஒட்டி வைத்தால், அடுத்து அவ்வீட்டிற்கு வருவோர்க்கும் அது உதவும்.