மறுமலர்ச்சிக்கால ஓவியர்களும் இயற்கையை நோக்கலும்

மறுமலர்ச்சிக்கால ஓவியர்கள் இயற்கையை உள்ளவாறே வரைந்தனர் என்பது கலை வரலாற்று அறிமுக நூல்களில் நிலைபெற்றுவிட்ட கருத்து. அவ்வோவியர்களின் எழுத்துகளைப் பயில்வோர்க்கு இது பாதி உண்மையாகவே தோன்றும். 'நோக்கல்' என்பதற்கு அவர்கள் கொண்ட பொருள் ஒன்றாக இருந்ததில்லை.

1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் எழுந்த சென்னினோ சென்னினியின் ஓவியக் கையேடு, இயற்கையே தலைசிறந்த வழிகாட்டி என்கிறது. ஆயினும், மலை வரைய விரும்புவோன் கரடுமுரடான பெருங்கற்கள் சிலவற்றைப் பார்த்து வரையலாம் என்றும் அதே நூல் கூறுகின்றது. இதனை நகைத்து ஒதுக்குதல் பொருந்தாது. பட்டறையில் பயிலும் மாணவனுக்கு ஒளியும் நிழலும் படியும் முறையே தேவைப்பட்டது. குறிப்பிட்டதொரு மலையின் தனித்தன்மை அன்று.

1435இல் இலத்தீனில் ஓவியம் பற்றி எழுதிய ஆல்பர்ட்டி, ஓவியன் வடிவியல் கற்க வேண்டும் என்றார். முழு அழகும் ஓர் உடலில் அமைவதில்லை. ஆதலின் பல உடல்களை நோக்கிச் சிறந்தவற்றைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதும் அவர் கொள்கை. புளோரன்சு நகரில் ஓவியர்கள் மருத்துவர், மருந்து வணிகர் ஆகியோரின் தொழிற்குழுவில் இடம்பெற்றிருந்தனர் என்பதை ஈண்டு நினைவுகூர வேண்டும். கைவினைஞர் நிலையிலிருந்து கற்றோர் வரிசைக்கு உயர விழைந்தோர்க்குக் கணிதம் ஒரு படிக்கட்டாயிற்று.

லியொனார்டோ டா வின்சியிடம் இச்சிக்கல் கூர்மை பெறுகின்றது. 1473 ஆகத்து 5 என்று நாளிட்டு, தம் 21ஆம் வயதில் அவர் வரைந்த ஆர்னோ பள்ளத்தாக்குக் காட்சியில் சென்னினியின் கற்களுக்கு இடமில்லை. ஓவியனின் உள்ளம் கண்ணாடி போன்றிருத்தல் வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதிய அவரே, காரணம் அறியாது கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் மட்டும் வரைபவனைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டுப் பழிக்கவும் செய்கிறார். இது முரணன்று என்பது என் கருத்து. எதனையும் விலக்காது ஏற்கும் கண்ணை அவர் வேண்டினார். அக்கண் கண்டதன் காரணத்தை ஆராயும் அறிவையும் உடன் வேண்டினார். அதற்காகவே பிணங்களை அறுத்து ஆராய்ந்தார். அவ்வாறு அறிந்த தசைகளையெல்லாம் புடைக்கக் காட்டி, உடலை அக்ரூட் மூட்டையாக்கிய ஓவியர்களை எள்ளியதும் அவரே.

ஆல்ப்சு மலைக்கு வடக்கே, செருமானிய ஓவியர் தியூரர் 1503இல் ஒரு புல்திட்டை நீர்வண்ணத்தில் தீட்டினார். வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்திலுள்ள அவ்வோவியத்தில் ஒவ்வொரு புல்லும் தாவரவியலார் இனங்காணத்தக்க வகையில் அமைந்துள்ளது. அவரே 1515இல், இந்தியாவிலிருந்து லிசுபன் நகருக்குச் சென்ற காண்டாமிருகத்தை நேரிற் காணாமல், பிறர் அனுப்பிய குறிப்பையும் வரைவையும் கொண்டு மரச்செதுக்குப் படமாக்கினார். கழுத்தின்மேல் இல்லாத சிறு கொம்பொன்றும் அதில் இடம்பெற்றது. அப்படம் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய நூல்களில் மெய்யுருவாகவே வழங்கிற்று.