பெட்ரோலுக்கு அளவு பார்க்கும் இயந்திரம்

பால்வெட்டுக்குப் போகிறவருக்கும், செம்பனைக் குலை அறுக்கப் போகிறவருக்கும் மோட்டார் சைக்கிள் இரண்டு கால்களைப் போன்றது. அது நின்றுவிட்டால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். இன்று தோட்டங்களில் ஓடும் வண்டிகள் பலவற்றில் 'எஃப்.ஐ.' என்ற இரண்டு எழுத்துகளைக் காண்கிறோம். பெட்ரோலைப் பீச்சித் தரும் முறைக்கு அதுவே அடையாளம். அம்முறை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

பெட்ரோல் தனியாக எரியாது. அதற்குக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிந்து முடிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. ரப்பர் பாலை உறைய வைப்பவர் பாலின் அளவைப் பார்த்துத்தானே அமிலம் ஊற்றுகிறார்? குறைந்தால் பால் உறையாது; கூடினால் ரப்பர் கெடும். இயந்திரத்திலும் அப்படித்தான். பெட்ரோல் குறைந்தால் இயந்திரம் திணறும். கூடினால் கரும்புகை வரும், காசும் வீணாகும்.

முன்பு இந்தக் கலவையைக் கார்புரேட்டர் கவனித்துக்கொண்டது. 1985ஆம் ஆண்டு வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா காரிலும் கார்புரேட்டர்தான் இருந்தது. குறுகிய கழுத்து போன்ற குழாயில் காற்று விரைந்து செல்லும்போது, அந்த இழுப்பிலேயே பெட்ரோல் சிறு துளை வழியாக வந்து கலக்கும். எளிய கருவிதான், ஆனால் குளிரையும் வெப்பத்தையும் அது தானாக அறியாது. அதனால்தான் விடியற்காலையில் நாம் 'சோக்'கை இழுத்துவிட வேண்டியிருந்தது.

புதிய முறையில் அந்த வேலையை ஒரு சிறிய கணினி செய்கிறது. உள்ளே வரும் காற்று எவ்வளவு, இயந்திரம் எவ்வளவு சூடாக இருக்கிறது, நாம் எவ்வளவு முறுக்குகிறோம் என்பவற்றைச் 'சென்சர்' என்னும் உணர்கருவிகள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தொட்டியில் உள்ள மின்சாரப் பம்பு பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்பும். பீச்சுகுழலின் வாயைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவாகத் திறந்து மூடும். நிமிடத்திற்கு 6000 முறை சுழலும் மோட்டார் சைக்கிள் இயந்திரத்தில், ஒரு விநாடிக்கு 50 முறை இது நடக்கிறது! அதிக நேரம் திறந்தால் அதிகப் பெட்ரோல். குறைந்த நேரம் திறந்தால் குறைந்த பெட்ரோல். இவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

1967ஆம் ஆண்டு ஜெர்மனியின் போஷ் நிறுவனம் இத்தகைய மின்னணு முறையை ஃபோக்ஸ்வேகன் 1600 காருக்குச் செய்து கொடுத்தது. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் சென்சர் 1976இல் வால்வோ கார்களில் வந்தது. எரிந்தது சரியா என்று புகையைப் பார்த்தே கணினி தன் கணக்கைத் திருத்திக்கொள்ள அது வழிசெய்தது.

சரி, வண்டி வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது என்ன?

முதலாவது, பெட்ரோல் குழாயை நீங்களாகக் கழற்றாதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் பெட்ரோல் பீறிட்டு, சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும்.

இரண்டாவது, தொட்டி வற்றும்வரை ஓட்டாதீர்கள். தொட்டிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோலே. தண்ணீரோ தூசியோ கலந்த பெட்ரோல் பீச்சுகுழலின் நுண்ணிய துளைகளைக் கெடுக்கும்.

மூன்றாவது, பேட்டரியைக் கவனியுங்கள். மின்சாரம் இல்லையேல் பம்பும் இல்லை, கணினியும் இல்லை.

நான்காவது, சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து அணையும். வண்டி ஓடும்போதும் அது எரிந்தால், கணினி ஏதோ பழுதைக் கண்டிருக்கிறது என்று பொருள். சில வண்டிகளில் அந்த விளக்கு மினுக்கும் எண்ணிக்கையே பழுதின் எண்ணாகும். அதை எண்ணி எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். "எந்தச் சாமானை மாற்றுகிறீர்கள்? கணினி காட்டிய பழுது எது?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒரு கம்பி இணைப்பு கழன்றிருந்தாலும் அதே விளக்குதான் எரியும். அதற்காகப் புதுப் பம்பு வாங்கினால், பல நாள் உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

இயந்திரம் தன் குறையைத் தானே சொல்லும் காலம் இது. அதைப் படிக்க நம் பிள்ளைகளும் பழகட்டும். நல்ல தொழிலாகவும் அது அவர்களுக்குக் கைகொடுக்கும்.