மையும் தாளும்

எழுதுவதற்கு எழுதுகோல், மை, தாள் ஆகிய மூன்றும் வேண்டும். எழுத்து நன்கு அமையாதபோது பலர் பேனாவைக் குறை கூறுவர். சிலர் மையைக் குறை கூறுவர். தாளை நினைப்பவர் மிகச் சிலரே. ஆனால், ஒரே பேனாவில் ஒரே நீல மையை நிரப்பிப் பலவகைத் தாள்களில் எழுதிப் பார்த்தால், எழுத்தின் அழகும் வாழ்நாளும் தாளை எவ்வளவு சார்ந்துள்ளன என்பது விளங்கும்.

இச்சோதனை மிக எளியது. மை ஒற்றுத்தாள், செய்தித்தாளின் அச்சிடாத ஓரம், பள்ளிக் குறிப்பேட்டுத் தாள், வண்ணப் படங்கள் அச்சிடும் வழவழப்பான தாள் ஆகிய நான்கிலும் ஒரே சொல்லை எழுத வேண்டும். ஒற்றுத்தாளில் பேனா முள் பட்டவுடன் மை நாற்புறமும் பரவி, எழுத்துப் பெரும் புள்ளியாகிவிடும். செய்தித்தாளில் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் நுண்ணிய வேர்கள் போல மை கிளைத்து ஓடும். மறுபக்கத்திலும் அதன் நிழல் தெரியும். நல்ல குறிப்பேட்டுத் தாளில் கோடுகள் பரவாமல் தெளிவாக நிற்கும். வழவழப்பான தாளிலோ மை உள்ளே செல்ல வழியின்றி மேலேயே தங்கும், நெடுநேரம் காயாது, விரல் பட்டால் இழுகிவிடும்.

மை ஒன்றாயிருக்க, விளைவு வேறுபடுவது ஏன்? தாள் என்பது மரம், மூங்கில், கரும்புச் சக்கை முதலியவற்றிலிருந்து எடுத்த நார்களைக் கூழாக்கி, பரப்பி, உலர்த்திச் செய்யப்படுவது. நார்களுக்கிடையே கண்ணுக்குப் புலப்படாத இடைவெளிகள் பல உண்டு. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, இந்நுண்புழைகள் மையை ஈர்த்துக்கொள்கின்றன. பேனா முள்ளின் நடுவிலுள்ள மெல்லிய பிளவின் வழியே மையை நுனிக்குக் கொணர்வதும் இதே ஈர்ப்புத்தான். பேனாவை எழுதச் செய்யும் அவ்வாற்றலே, தாளில் அளவு மீறினால் எழுத்தைக் கெடுத்துவிடுகிறது.

ஆதலால், எழுதும் தாளுக்குப் பசையூட்டுதல் இன்றியமையாதது. கஞ்சியிட்ட துணியில் நூலிடைகள் நிரம்பி விறைப்பு ஏறுவது போல, பசையூட்டிய தாளில் மை விரைந்து பரவாது. ஒற்றுத்தாளுக்கு இப்பசை ஊட்டப்படுவதில்லை. மையை உறிஞ்சுவதே அதன் பணியன்றோ! முற்காலத்தில் ஐரோப்பியர், செய்து முடித்த தாள்களை விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையில் தோய்த்து உலர்த்தினர். அது காலமும் உழைப்பும் மிகுதியாக வேண்டிய வேலை. செருமனி நாட்டைச் சேர்ந்த மோரிட்சு பிரீடிரிக் இல்லிக் என்பவர், மரப்பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலந்துவிடும் முறையை 1807-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் இயந்திரத் தாள் செய்வோர் இம்முறையைப் பரவலாகக் கைக்கொண்டனர்.

ஆயினும், இந்நன்மையில் ஒரு தீமை மறைந்திருந்தது. மை பரவாமல் காத்த படிகாரம் தாளில் அமிலத்தன்மையை உண்டாக்கியது. அவ்வமிலம் நார்களைச் சிறிது சிறிதாக அறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டிலும் அச்சான நூல்கள் பல பழுப்பேறி, தொட்டால் நொறுங்குவதற்கு இதுவே ஒரு பெருங்காரணம். இதனை உணர்ந்தபின், அமிலமில்லாத பசைகளைக் கொண்டு தாள் செய்யும் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிற்று.

இனி, சோதனையின் இரண்டாம் பகுதியைக் காண்போம். குறிப்பேட்டுத் தாளில் எழுதிய நீல எழுத்து நன்றாகக் காய்ந்தபின், அதன்மேல் ஒரு துளி நீரை இட வேண்டும். துணியில் பட்டால் எளிதில் கழுவிப் போக்கத்தக்க நீல மையாயின், எழுத்துக் கரைந்து வெளிறிவிடும். அம்மையிலுள்ள சாயம் நீரில் கரைவதே இதற்குக் காரணம். இரும்புச் சத்துள்ள நீலக் கருப்பு மையோ பெரும்பாலும் நிலைத்து நிற்கும். மாசிக்காயின் துவர்ப்புச் சத்தையும் அன்னபேதியையும் சேர்த்து அம்மை ஆக்கப்படுகிறது. புட்டியில் அது கரைந்த நிலையில் உள்ளது. தாளில் பட்டுக் காற்றுடன் கலந்தவுடன், நீரில் கரையாத கருநிறப் பொருளாக நார்களுக்குள் படிந்துவிடுகிறது. தொடக்கத்தில் எழுத்துக் கண்ணுக்குத் தெரிவதற்காகவே நீலச் சாயம் சேர்க்கின்றனர். இம்மைக்கும் ஒரு குறை உண்டு. இரும்பும் அமிலமும் அளவு மிகுந்தால் அது தாளையே அரிக்கும். கழுவாமல் விட்ட பேனாவில் படிந்து அடைத்துக்கொள்ளும்.

ஆகவே, எல்லாவற்றிலும் சிறந்த மை என்றோ, எல்லாவற்றிலும் சிறந்த தாள் என்றோ ஒன்றில்லை. பணிக்கேற்ற இணையே சிறந்தது. கணக்குப் போட்டுப் பார்த்துக் கிழித்தெறியும் தாளில் எந்த மையும் போதும். ஆனால், ஒரு குடும்பத்தின் நில உரிமையைக் கூறும் ஆவணமோ, மீண்டும் எழுதி வாங்க முடியாத ஒரு பெரியவரின் கடிதமோ ஒரு நாள் மழையில் நனைந்து வெறுந்தாளாகிவிட்டால், அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. அத்தகையவற்றை எழுதுமுன், ஒரு துண்டுத் தாளில் ஒரு சொல்லை எழுதி, காயவிட்டு, ஒரு துளி நீரிட்டுப் பார்த்தல் நன்று. சில நிமிடங்களே வேண்டும் இச்சிறு முயற்சி, பல்லாண்டுகள் நிற்க வேண்டிய எழுத்தைக் காக்கும்.