வீக்கம் வடிந்த பிறகும் ஏன் பிசகுகிறது?

கால் பிசகிப் பல மாதங்களாகிவிட்டன, வீக்கமோ வலியோ இல்லை, ஆனாலும் மேடுபள்ளத்தில் அதே கால்தான் மறுபடி மறுபடி மடங்குகிறது, ஏன் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் பாதம் உள்பக்கமாகத்தான் மடங்கும். வெளிப்பக்கக் கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஜவ்வு முதலில் கிழியும். மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் தாலஸ் எலும்பு முன்புறம் அகலம், பின்புறம் குறுகல். படி இறங்கும்போது விரல்கள் கீழே சாய, குறுகிய பக்கம் மூட்டுக்குள் வந்து பிடி தளர்ந்துவிடுகிறது. இந்த எலும்பில் ஒரு தசைகூட ஒட்டியிருப்பதில்லை. சுற்றியுள்ள ஜவ்வுகள்தான் அதற்குக் காவல்.

அந்த ஜவ்வுக்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி நிறைந்துவிட்டதா என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை; கயிற்றைப் பிடித்த கைக்கே தெரிந்துவிடும். பாதம் எவ்வளவு சாய்கிறது என்பதும் இப்படித்தான் ஜவ்வின் இழுவையில் உடனுக்குடன் தெரிகிறது. ஜவ்வு கிழியும்போது அந்த நரம்பு முனைகளும் சேதமாகின்றன. காயம் ஆறினாலும் பலருக்கு அந்த உணர்வு முழுதாகத் திரும்புவதில்லை. கால் சாயும் செய்தி தாமதமாகப் போய், தசை இழுத்து நிறுத்துவதற்குள் மடங்கிவிடுகிறது.

இதற்குப் பயிற்சிதான் மருந்து. வலி அடங்கியதும் சுவரோரமாக ஒற்றைக் காலில் அரை நிமிடம் நில்லுங்கள். பழகியபின் கண்ணை மூடி நில்லுங்கள். சில வாரங்கள் தினமும் செய்தால் கால் பழையபடி விழித்துக்கொள்ளும். வீக்கம் வடிந்ததுமே காலை மறந்துவிடுவது நம் வழக்கம். பிசகிய அன்றே சுளுக்கு எடுக்கிறேன் என்று எண்ணெய் தடவி வெடுக்கென்று இழுப்பது அதைவிடக் கொடுமை. உள்ளே எலும்பு விரிசல் விட்டிருந்தால் அந்த இழுப்பில் விலகிப்போகலாம்.

எக்ஸ்ரே வேண்டுமா என்று தீர்மானிக்கக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் ஓர் எளிய விதியை வெளியிட்டார்கள். உள்கணு, வெளிக்கணு இரண்டின் பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் சுண்டுவிரல் பக்கத்தில் நடுவே துருத்தும் எலும்பையும், உள்வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பையும் அப்படியே அழுத்துங்கள். எலும்பின் மேலேயே சுரீரென்று வலித்தாலோ, அடிபட்டதும் சரி, பிறகும் சரி, நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கால் கோணிக்கொண்டாலோ விரல்கள் மரத்து வெளிறினாலோ அழுத்திப் பார்க்கவே வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. அவர்களுக்கு எலும்பு உடைந்தாலும் வலிக்காமல் போகலாம். அதிக வலி இல்லாமலே கணுக்கால் வீங்கிச் சிவந்து, மற்றக் காலைவிடச் சூடாக இருந்தால் உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கக்கூடும். காலை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.