திறந்த காரும் மூடிய காரும்

இங்கிலாந்து நாட்டில், தேம்ஸ் ஆற்றங்கரையில் ஆபிங்டன் என்னும் சிறுநகர் உள்ளது. அங்கிருந்த தொழிற்சாலை 1980இல் மூடப்படும்வரை, எம்.ஜி. என்னும் பெயர் தாங்கிய மோட்டார் கார்கள் அதில் உருவாயின. அவற்றுள் இரண்டினை ஒப்பு நோக்கின், இருபது ஆண்டுகளில் கார் அமைக்கும் கலை அடைந்த மாற்றம் இனிது விளங்கும். ஒன்று, 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்னும் ரோட்ஸ்டர், மற்றொன்று, 1965இல் வெளிவந்த எம்.ஜி.பி. ஜி.டி. என்னும் கூப்பே. நிலையான கூரையின்றி இருவர் அமரும் திறந்த கார் ரோட்ஸ்டர் எனப்படும். கூரை நிலையாகப் பொருந்திய, இரு கதவுகளையுடைய தாழ்ந்த கார் கூப்பே எனப்படும்.

டி.சி. காரின் அடியில் ஏணி போன்ற எஃகுச் சட்டம் ஒன்று உண்டு. பொறியையும் சக்கரங்களையும் தாங்குவது அதுவே. அதன்மேல் மரச்சட்டங்களால் கூடு கட்டி, மெல்லிய எஃகுத் தகட்டைப் போர்த்தினர். மழை வரின் துணிக்கூரையை இழுத்து மூடலாம். வானம் தெளிந்திருப்பின் முன்கண்ணாடியையும் முன்புறமாகச் சாய்த்து விடலாம். அப்போது குளிர்காற்றும் வயல்வெளியின் மணமும் செல்வோரைத் தழுவும். அதன் பொறி 54 குதிரைத்திறன் உடையது. மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகம் தந்தது.

கூப்பேயின் அமைப்பு வேறு. அதற்குத் தனிச் சட்டம் இல்லை. தளம், பக்கங்கள், கூரை ஆகிய யாவும் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நிற்கின்றன. மூடியற்ற அட்டைப்பெட்டியை இரு கைகளாலும் முறுக்கினால் அஃது எளிதில் கோணும். மூடியை ஒட்டிவிட்டு முறுக்கினால் அவ்வாறு கோணாது. கூரை காருக்குத் தரும் உறுதியும் இத்தகையதே. அன்றியும், அக்கூரை எடையைக் கூட்டினும், எதிர்க்காற்றை வழுக்கிப் பின்செல்லச் செய்கிறது. ஆதலின், எம்.ஜி.பி. இனத்துத் திறந்த காரைவிட இக்கூப்பேயின் உச்ச வேகம் சிறிது மிகுதி. 95 குதிரைத்திறன் கொண்ட பொறி அதனை மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேலும் செலுத்தியது.

விரைவு மிகுந்தால் நிறுத்தும் ஆற்றலும் மிகுதல் வேண்டுமன்றோ? வேகம் இரு மடங்கானால் காரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். டி.சி. காரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. மூடிய டிரம்மினுள் பிறக்கும் வெப்பம் எளிதில் வெளியேறாது. மீண்டும் மீண்டும் அழுத்துங்கால் பிடி தளரும். கூப்பேயின் முன்சக்கரங்களிலோ டிஸ்க் பிரேக்குகள் அமைந்தன. அவற்றின் தட்டுகள் காற்றுப்பட்டு விரைவிற் குளிரும். உயிரைக் காக்கும் இப்பணியில் புதியது மேம்பட்டு நின்றது.

ஆயினும் புதியதற்கும் குறையுண்டு. டி.சி. காரின் மரச்சட்டம் ஒன்று உளுத்தால், தச்சர் அதனை மட்டும் மாற்றிவிடலாம். கூப்பேயின் அடிப்பகுதியில் துருவேறினாலோ, பாரம் தாங்கும் கூடே நலியும். நலிந்த இடத்தை வெட்டி நீக்கிப் புதுத்தகட்டைப் பற்றவைத்தல் வேண்டும்.

புதுமை எனப் போற்றப்பட்ட கூப்பேயும் இன்று பழமை எய்திவிட்டது. மோதுங்கால் பயணிகளைக் காக்கும் காற்றுப்பைகளுடன் வரும் இக்காலக் கார்கள், பாதுகாப்பில் அதனையும் விஞ்சி நிற்கின்றன. ஆகவே, ஒரு பொருளின் வயதை மட்டும் நோக்கி அதனைப் புகழ்தலும் இகழ்தலும் பொருந்தா. அது பெற்றதென்ன, இழந்ததென்ன என்று ஆராய்ந்து மதிப்பதே அறிவுடைமையாகும்.