இன்ஜின் மாறினால் ரேடியேட்டரும் மாறணுமா?

உத்தர்பாரா ஆலை 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. வண்டிகள்தான் ஓய்வெடுக்க மறுக்கின்றன. இழுவை போன பழைய 1489 சிசி இன்ஜினை இறக்கிவிட்டு, 1817 சிசி இசுசூ பெட்ரோல் இன்ஜினை ஏற்றிக்கொள்ளும் ஆசை பல உரிமையாளர்களுக்கு உண்டு. கம்பெனியே 1990-களில் இதே இன்ஜினைப் போட்டு 1800 ஐ.எஸ்.இசட் என்று விற்றதுதானே! பேரம் பேசும்போது இன்ஜின், கியர்பாக்ஸ், மவுண்டிங், வயரிங் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை சொல்வார்கள். ரேடியேட்டர் என்று வந்ததும், "இருக்கிறதே போதும் சார், கழுவி மாட்டிடறேன்" என்பார் மெக்கானிக். பின்னால் வரப்போகும் செலவு பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்குகிறது.

எரிகிற பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் வழியாக வெளியேற வேண்டிய சூடு. இன்ஜின் பெரிதானால், குதிரைத்திறன் கூடினால், இந்தச் சூடும் கூடும். பழைய ரேடியேட்டர் பழைய இன்ஜினின் கணக்குக்குச் செய்தது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழைய இன்ஜினின் ஹெட் வார்ப்பிரும்பு. ஓரளவு சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். இசுசூவின் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடக்கூடும். ஹெட் கேஸ்கெட் போய், ஆயிலும் தண்ணீரும் கலந்தால் அடுத்து இன்ஜின் வேலைதான்.

அப்படியானால் எதை வாங்குவது? புது இன்ஜின் கம்பெனியில் எந்த வண்டியில் வந்ததோ, அந்த வண்டியின் ரேடியேட்டரைத்தான் முதலில் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அதற்கு ஈடான கோர், அதாவது ரேடியேட்டரின் குழாய்த் தொகுதி. கடைக்காரர் "நாலு ரோ போட்டுத் தர்றேன்" என்று குழாய் வரிசைகளின் தடிமனைக் காட்டி விற்பார். பின்வரிசைக் குழாய்களுக்குப் போய்ச் சேருவது முன்வரிசையில் சூடேறிய காற்றுதான் என்பதால், வரிசை கூடக் கூடக் கிடைக்கும் பலன் குறையும். கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் இடத்தை உயரத்திலும் அகலத்திலும் முழுக்க நிரப்புகிற கோர்தான் மேல். கொஞ்சம் பெரிதாகப் போனாலும் பாதகமில்லை, தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்" என்று சொல்கிற பட்டறையை விட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

கோர் பெரிதாக இருந்தும் கொதிக்கிறதென்றால் ஃபேனைப் பாருங்கள். இன்ஜின் மாறும்போது ஃபேனுக்கும் கோருக்கும் நடுவே இடைவெளி மாறிவிடும். ஃபேனைச் சுற்றியிருந்த கூடும் பொருந்தாமல் ஓரத்தில் கிடக்கும். கூடு இல்லாத ஃபேன் கோரின் நடுப்பகுதிக் காற்றை மட்டும்தான் இழுக்கும். டிராஃபிக்கில் நிற்கும்போது சூடு காட்டும் முள் ஏறி, ஓடும்போது இறங்கினால் குறை பெரும்பாலும் ஃபேன் பக்கம். ஹைவேயிலும் ஏற்றத்திலும் ஏறினால் கோர் போதவில்லை, அல்லது குழாய் அடைத்திருக்கிறது. ஏசியும் சேர்த்து மாட்டினால் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சூட்டுக் காற்றை அனுப்பும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

செகண்ட் ஹேண்ட் ரேடியேட்டர் என்றால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஒழுகலை அடைக்க மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றும் பழக்கம் நம் ரோடுகளில் வெகு சாதாரணம். வழியில் நின்றால் வீடு வந்துசேர அது உதவும். ஆனால் ஓட்டையை அடைக்கிற தூள் நல்ல குழாயையும் அடைக்கும். போர்வெல் தண்ணீரின் உப்பு அதன்மேல் படிந்தால், வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்த ரேடியேட்டரின் உள்ளே பாதிக் குழாயில் தண்ணீரே ஓடாது. கீழ் ஹோஸைக் கழற்றி வடிக்கச் சொல்லுங்கள். காவி நிறக் குழம்பு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மாட்டியபிறகு இன்ஜின் சூடானதும் கோரின்மேல் இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்டி மேலிருந்து கீழாக நகர்த்தினால், அடைத்த இடம் மட்டும் திடீரென்று குளிர்ந்து காட்டும்.

மூடியும் ஒரு பாகம்தான். கூலன்டை அழுத்தத்தில் வைத்து அதன் கொதிநிலையை உயர்த்துவது அதுதான். பழைய கோருக்கு அதன் தகுதிக்கு மீறிய அழுத்த மூடி போட்டால் சாலிடர் விடும். எதுவானாலும், சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. முகத்தில் அடிக்கும் ஆவி கண்ணையே பறித்துவிடும். இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. கூலன்ட் முழுக்க ஒழுகிவிட்டால் சென்சார் காய்ந்துபோய் முள் இறங்கக்கூடும். "சூடு தணிஞ்சிடுச்சு" என்று ஓட்டினால் இன்ஜின் சீஸ்.

இதற்கெல்லாம் முன்பே முடிக்க வேண்டிய வேலை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறது. உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. உங்கள் மாடலுக்கு இந்த இன்ஜினை ஏற்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டறைக்காரர் "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்வது அனுமதி ஆகாது. அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ(4)-ன்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். தண்டனை பட்டறைக்கு இல்லை, உரிமையாளருக்குத்தான். ஆர்.சி.யில் ஒரு இன்ஜின் நம்பர், வண்டியில் வேறொன்று என்றால் விபத்துக் காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் வழி கிடைத்துவிடும். ஏற்பு வந்தால் ஆர்.சி.யில் பதிவு செய்துவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

பட்டறையிடம் எழுதி வாங்க வேண்டியவை: இன்ஜின் நம்பர், ரேடியேட்டர் புதிதா பழையதா, எந்த வண்டிக்கு உரியது, எத்தனை ரோ, உத்தரவாதம் எவ்வளவு நாள். பில் கொடுக்க மறுப்பதையே நேர்மையற்ற வணிகமுறை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பதும் அதே வகை. கொதித்த வண்டியை அவசரமாக வேறு பட்டறையில் பிரிக்காதீர்கள். பிரித்தே ஆகவேண்டுமென்றால் படம் எடுங்கள், அடைத்த ரேடியேட்டரைக் காயலான் கடைக்குக் கொடுக்காமல் வையுங்கள். நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க உத்தரவிட முடியும்.

பட்டறை பணத்தைத் தர மறுத்தால், முதலில் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. பட்டறை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வாடகைக்கு ஓட்டுகிறவர்கள், "வியாபார வண்டிக்கு நுகர்வோர் சட்டம் வராது" என்ற பேச்சை நம்பி ஒதுங்க வேண்டாம். பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிற டிரைவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான்.